ஐம்பத்திரண்டாவது ராடு

இளம்பிள்ளை தாண்டி, கஞ்சமலை அடிவாரத்தில்
பாவாயி அக்காவின் தறிக்கூடத்துக்குப் பின்னால்
போர் லாரியை நிமிர்த்தும்போது இரவு பத்தேகால்.
நான் அடிக்கணக்கு எழுதுகிறவன்.
சேலத்தில் நிலவியல் படித்தேன், இரண்டு பேப்பர் பாக்கி.
ஐந்நூறு அடிவரை ஒரு ரேட்,
அதற்குமேல் நூறுக்கு நூறு ஏறும்.

பன்னிரண்டு அடி செம்மண்.
முப்பதுவரை சுக்கான்.
நாற்பதில் கேசிங் பைப் நின்றது.
பிறகு பாறை. பிறகும் பாறை.
சுக்ராம் ராடு மாட்டிக்கொண்டே இருக்கிறான்,
புருவம், இமை, பல்லிடுக்கு எல்லாம் சாம்பல்.
சத்தீஸ்கரிலிருந்து வந்தவன்,
இந்த ஊருக்குள் இருப்பதை
இந்த ஊருக்கு முன்னால் உடுத்திப் பார்க்கிறவன்.

முந்நூற்றிச் சொச்சத்தில் தூள் கறுத்தது.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று
எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும்.
காட்டினேன்.
தூள் எழுந்து நின்றது, குளிர்ந்த கையின் மயிர் மாதிரி.
இரும்பு, என்றேன்.
"பிட்டு போச்சு" என்றார் டிரைவர் அத்தியப்பன்.

அவரிடம் சொல்லவில்லை,
இது கடலில் விழுந்தது என்று.
இருநூற்றைம்பது கோடி வருடம் இருக்கும்.
மீன் என்ற எண்ணமே வராத கடல்.
கரையில் புல் இல்லை, ஒரு நண்டுத்தடம் இல்லை,
அந்தக் காற்றை நாம் இழுத்தால் அங்கேயே சாவோம்.
தண்ணீர் முழுக்கக் கரைந்த இரும்பு,
இளம்பச்சையாய் இருந்திருக்கலாம்,
யார் கண்டது.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று
வெயிலைத் தின்று மூச்சு விட்டது அதில்.
மூச்சுப் பட்ட இரும்பு துருவாகிப்
பொட்டுப்பொட்டாய் அடியில் உட்கார்ந்தது.
ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை,
மறுபடி கறுப்பு.
அக்கா பாவு இழை எண்ணுகிற வேகத்தில் எண்ணினாலும்
ஆயுசு பத்தாது.

அப்புறம் நிலம் அந்தக் கடலடியை மடித்து
உள்ளே வைத்து வேகவைத்தது.
கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுத்தது.
வடக்கே ஏற்காட்டு ரோட்டில் இரண்டு விளக்கு ஏறுகிறது.
அந்த மலை கடலைப் பார்க்கவே இல்லை,
முப்பது கிலோமீட்டர் அடியில் வெந்து வந்த கல்.
பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். பழக்கம் தாமதம்.

ஒரு அடிக்கு இத்தனை லட்சம் வருடம் என்று
ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
இங்கே ஆழம் வயதல்ல.
அலமாரியில் நிற்கிற புத்தகம்போல்
செங்குத்தாய் நிற்கின்றன ஏடுகள்.
மேலிருந்து குத்தினால்
ஒரே ஏட்டைத்தான் கிழித்துக்கொண்டு போகிறோம்.
ஆயிரம் அடியிலும்
அதே பழைய மத்தியானம்.

தொள்ளாயிரத்தில் வெறும் புகை.
காயப்போட்ட சேலை ஒவ்வொன்றிலும் மலை படிந்திருக்கிறது.
"நிறுத்திடலாங்களா?"
அக்கா பணக்கட்டைப் பார்க்கவில்லை, துளையைப் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

ஐம்பத்திரண்டாவது ராடில் புகை நனைந்தது.
சேறு துப்பியது.
அரை இஞ்ச் தண்ணீர்.
அக்கா உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டார்.
"உப்பு."

ஒரு நொடி எனக்கும் உடம்பு சிலிர்த்தது.
இல்லை. அந்தக் கடல் எப்போதோ போய்விட்டது.
இது மூன்று வருடத்துக்கு முந்தின மழை.
விரிசல் தேடி இறங்குமுன்
எந்தத் தெருவை மிதித்ததோ அந்தத் தெருவின் ருசி.
சாயப்பட்டறைப் பக்கம் திரும்பினேன்,
வாயைத் திறக்கவில்லை.
ஆயிரத்து நாற்பது அடி, என்று எழுதினேன்.

சுக்ராம் குனிந்து முகம் கழுவினான்.
சாம்பல் வழிந்தது,
அடியிலிருந்து ஒரு முகம் வந்தது.
இருபத்திரண்டு வயது.